பின் சீட்டில் அம்மாவின் முகம்

என் அண்ணியிடம் வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. அவள் வாயாடி இல்லை. அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிற வேலை; பதினாறு வருடமாக மில்லிமீட்டரோடு குடித்தனம். என் அண்ணனையும் அளந்துதான் கட்டினாயா என்று கேட்டால், "அன்னிக்குன்னு பாத்து ஸ்கேலை மறந்துட்டேன்" என்பாள்.

ஒரே மகள், ஒன்பது வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவள் காதை முழுசாகக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தப்பிப் பிழைத்தது. கொஞ்சம் மழுங்கலாக, ஆனால் ஓயாமல் பேசுவாள். அடுத்தவர் சொல்வதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவளுக்கான பள்ளிக்கூடம் ஒரு மணி நேரப் பயணம். அண்ணி கடை முதலாளியிடம் சண்டை போட்டு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, காலையும் மாலையும் தானே காரோட்டினாள்.

அதில்தான் சிக்கல். பின் சீட்டிலிருந்து மகள் கேட்பது அம்மாவுக்குக் கேட்கும். அம்மாவின் பதில் மகளுக்குப் போகாது. பிடரியைப் பார்த்து என்னத்தைப் புரிந்துகொள்வது? ஓட்டுநர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கண் மட்டும்தான் தெரியும். முன் சீட்டில் உட்கார வைத்தாலோ நிமிடத்துக்கு ஒரு தரம் அவள் பக்கம் திரும்பத் தோன்றும் என்று அண்ணி மறுத்துவிட்டாள். போன மாதம் ஒருநாள், "அம்மா, என்மேல கோவமா? ஏன் பேச மாட்டேங்கற?" என்று குழந்தை அழுதிருக்கிறாள். அண்ணி ஒரு நொடி திரும்பி, "இல்லடா" என்றிருக்கிறாள். அதற்குள் முன்னால் போன லாரி பிரேக் போட்டுவிட்டது. ஒரு முழ இடைவெளியில் கார் நின்றது.

அன்று சாப்பிடும்போது அண்ணன், "போதும். திங்கக்கிழமை ஹாஸ்டல் ஃபாரத்தைக் குடுத்துடலாம்" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். "அதான் நல்லது அண்ணி, தினமும் உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓட்டணுமா?" என்று ஒத்து ஊதினேன். குழந்தை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றாள் அண்ணி.

மறுநாள் அளவு டேப்பும் மகளும் நானுமாகக் கார் சாமான் கடைக்குப் போனோம். பின் சீட்டில் பொருத்தும் வீடியோ திரை வேண்டும் என்றதும் விற்பனையாளர் உற்சாகமாகிவிட்டார். "மேடம், சவுண்டு தியேட்டர் மாதிரி இருக்கும். குழந்தைக்கு ஹெட்போன் ஃப்ரீ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி அமைதியாக, "ஹெட்போனை நீங்களே வச்சுக்குங்க. இதுல கேமரா ஒயர் சேருமா?" என்றாள்.

"ரிவர்ஸ் கேமராவா? அது ஓட்டுறவங்க பாக்கறதாச்சே."

"நான் பாக்க வேணாம். இவ என்னைப் பாக்கணும்."

அந்த மனிதர் வாயைப் பிளந்தார். அந்தக் கடையில் ஆகவில்லை. அடுத்த கடையில் கூரையிலிருந்து மடங்கி இறங்கும் பெரிய திரை. அண்ணாந்து பார்த்தே குழந்தைக்குக் குமட்டியது. மூன்றாவது கடையில் ஒயர் இல்லாத திரை. படம் விட்டுவிட்டு வந்ததால் உதடு பாதிதான் தெரிந்தது. "விலை கம்மி மேடம், பழகிடும்" என்றார்கள். "அரை வார்த்தை எனக்கு எதுக்கு?" என்று அண்ணி எழுந்துவிட்டாள். என் கால் கெஞ்சியது. அவளோ ஒற்றைக் காலில் நின்றாள்.

ஐந்தாவது கடையில் ஒரு மெக்கானிக் அக்கா. பாட்டு, விளையாட்டு ஒன்றும் இல்லாத சின்னத் திரை ஒன்றைத் தூசி தட்டி எடுத்தாள். ஸ்டியரிங்குக்கு மேலே கேமரா, அங்கிருந்து பின்னால் வரை ஒயர். அண்ணி மகளின் கண்ணிலிருந்து திரைக்கு டேப் பிடித்தாள். "ரெண்டு சென்டிமீட்டர் கீழ எறக்குங்க." பிறகு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, நேரே பார்த்தபடி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

பின்னாலிருந்து உடனே பதில் வந்தது: "எனக்கும் பசிக்குதும்மா!"

திங்கட்கிழமை அண்ணன் ஃபாரத்தை என்னிடம் கொடுத்து, "நீயும் போ. சரிப்படலன்னா ஆபீஸ்ல குடுத்துடு" என்றான். நான் பின் சீட்டில் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி வழி வரைக்கும் ஓயாத பேச்சு. திடீரென்று குழந்தை கேட்டாள்: "அம்மா, என்னை ஹாஸ்டல்ல விடப் போறியா?"

யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அண்ணியின் கண் ரோட்டை விட்டு அசையவில்லை. திரையில் உதடு நிதானமாக அசைந்தது. "மாட்டேன். சாயங்காலம் அம்மா வருவேன். தினமும் வருவேன்."

குழந்தை என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் நல்லதுன்னு சொன்னீங்க அத்தை. சாப்பிடறப்ப பாத்தேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. காது கேட்காத பிள்ளை என்று அவள் எதிரிலேயே பேசிய எனக்கு அன்று வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. கைப்பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து அவளிடமே கொடுத்தேன். நாலாகக் கிழித்துவிட்டுத் திரையைப் பார்த்து, "அம்மா, கிழிச்சாச்சு!" என்று கத்தினாள்.

அண்ணி அப்போதும் திரும்பவில்லை. அவள் உதடு நடுங்கியது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரிந்தது.