பச்சைப் புள்ளியும் தம்பியின் தோளும்

தம்பி கேட்டது ஒரே ஒரு படம். அடுத்த வாரம் வேலைக்காக வெளிநாடு போகவிருந்தான். சின்னக் காஞ்சிபுரத்தில் ஆண்டுதோறும் பெருமாளின் வாகனத்தைத் தோளில் சுமந்தவன். "தண்டு என் தோள்மேல இருக்கணும், முகம் தெளிவாத் தெரியணும். அவ்வளவுதான்க்கா" என்று சொல்லித் தன் புதிய கேமராவை என்னிடம் கொடுத்தான்.

கையில் கிடைத்த எதையும் படித்துவிடுகிறவள் நான். அதன் கையேட்டையும் மூன்று முறை படித்தேன். பொத்தானைப் பாதி அழுத்தினால் கேமரா தானே ஃபோகஸ் செய்யும். சரியானதும் மெல்லிய ஒலி எழும், பச்சைப் புள்ளி எரியும். பிறகு முழுதாக அழுத்த வேண்டும். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கருட சேவையன்று காலை சந்நிதித் தெருவில் ஒரு வீட்டுப் படியில் நின்றேன். தொலைவில் குடைகள் அசைந்தன. அவற்றின் கீழ் முன்வரிசையில் தம்பி. பாதி அழுத்தினேன். ஒலித்தது, எரிந்தது. விரலை எடுக்காமல், அவன் அருகில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து மீதியை அழுத்தினேன். ஒரு ஃபிலிம் சுருள் முழுவதும் அப்படியே.

மாலையில் ஸ்டூடியோவில் கழுவி வாங்கிய படங்கள் ஒவ்வொன்றிலும் தம்பி வெறும் புகையாக இருந்தான். வெகு பின்னால், தெருவோரத்தில் பலூன் விற்றவரின் மீசை முடி முடியாகத் தெரிந்தது. பச்சைப் புள்ளி எரிந்ததே, பிறகு எது பொய் சொன்னது? எனக்கு விளங்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பட்டனைப் பாதி அமுக்கிக்கினு அப்படியே நின்னுக்கினு இருந்தீங்களாம்மா?"

"ஆமா. அவன் கிட்ட வரட்டும்னு."

"அவரு வந்துக்கினே இருந்தாரு. கேமரா மொதல்ல பார்த்த எடத்துலயே நின்னுடுச்சு. கோபுரத்தை எடுக்கத்தாம்மா இந்த செட்டிங்கு. கோபுரம் உங்களைப் பார்த்து நடந்தா வருது?"

அவர் வேறொரு செட்டிங்கை வைத்துக் கொடுத்தார். பாதி அழுத்தியிருக்கும் வரை, நெருங்கி வருகிறவரைக் கேமரா விடாமல் தொடருமாம். "ஆனா இதுல சத்தமும் வராது, புள்ளியும் எரியாது."

"அப்ப சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா. நடுக்கட்டத்தை அவர்மேலயே வெச்சிக்கினு எடுத்துக்கினே இருங்க."

பொறுமையாகக் காத்திருந்ததே தவறு என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் காலை சேஷ வாகனம். கூட்டம் குறைவு. வாகனத்துக்கு முன்னால் பிரபந்தம் பாடிவந்த கோஷ்டி என்னைக் கடந்து சென்றதும் தெருவில் இறங்கி நின்றேன். கேமராவின் சிறு கண்ணாடிக்குள் தம்பியின் முகம் தெளிந்தது, கலங்கியது, மீண்டும் தெளிந்தது. லென்ஸ் முனகிக்கொண்டே நகர்ந்தது. எது தெளிவு என்று நான் முடிவு செய்வதற்குள் அவன் இன்னோர் அடி வந்திருந்தான். உறுதி எதுவும் இல்லாமலே அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். எங்கே நிற்கிறேன் என்பதும் மறந்துபோயிற்று.

கழுவியபோது படங்களில் பாதிக்குமேல் கலங்கித்தான் வந்தன. ஏனென்று இன்றும் தெரியாது. மீதியில் ஒன்று மட்டும் அப்பழுக்கில்லாத தெளிவு. தண்டு தோளில் அழுந்தியிருக்கிறது, வியர்வையில் திருமண் கரைந்திருக்கிறது, கண்களை உருட்டி வாயை முழுதாகத் திறந்திருக்கிறான். "நகருக்கா, இடிச்சுடப் போறோம்!" என்று அவன் கத்திய நொடி அது.

"திட்டுறப்பவா எடுப்ப?" என்றான் தம்பி. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியில் மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவே, கசங்காதபடி வைத்துக்கொண்டான்.