முதல் சொட்டு யாருக்கு

லண்டன் அப்டன் பார்க்கில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மளிகையும் மதுவும் விற்கும் கடை. ஊர் திரும்புமுன் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நுழைகிறேன். கடைக்காரர் சிவநேசன், புதிதாக வந்த ஹெய்ட்டி ரம்மை ருசி பார்க்கத் தருகிறார். பீப்பாயில் ஊறவைக்காமல், கரும்புச் சாற்றிலிருந்து வடித்த ரம். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது. அதை வரவழைக்கச் சொன்ன ஹெய்ட்டிப் பெண்மணியும் பக்கத்தில் நிற்கிறார்.

நான் கோப்பையைத் தூக்கியதும் அவர் தடுக்கிறார். “முதலில் இறந்தவர்களுக்கு” என்று ஆங்கிலத்தில் சொல்லி, தன் கோப்பையிலிருந்து மூன்று சொட்டு தரையில் விடுகிறார். சிவநேசன் பதறி, ‘தரை ஈரம்’ என்ற மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து வைக்கிறார்.

“ஆரும் வழுக்கி விழுந்தா கவுன்சில்காரன் என்னை விடான்.”

நானும் ஊற்றக் குனிகிறேன். கை நின்றுவிடுகிறது.

“எங்க அப்பா குடிச்சதே இல்லைங்க. குடிக்கிறவங்களைக் கண்டாலே திட்டுவார்.”

“அப்ப அவருக்கு இதை ஊத்த ஏலாது. பொறுங்கோ, வாறன்.”

குளிர்பெட்டியிலிருந்து மாம்பழச் சாறு எடுத்து வருகிறார். மூன்று சொட்டு ஊற்றுகிறேன். பிறகு ரம்மைக் குடிக்கிறேன். பச்சைக் கரும்பின் வாசனை. தொண்டை எரிகிறது, கண்ணில் நீர் வழிகிறது.

பால் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, எங்களோடு தலைகுனிந்து நிற்கிறார்.