ஒலீட்டா வீழ்த்திய விமானங்கள்

மொஹாவி பாலைவனத்தில், வற்றிப்போன ஏரியின் கரையில் இருந்த விமான ஆராய்ச்சி நிலையத்தில் ஒலீட்டா பிராக்கெட்டுக்குக் கேண்டீனில் வேலை. பீன்ஸும் இறைச்சியும் போட்டு அவள் கிண்டும் காரக் குழம்புக்கு வரிசை நிற்கும். ஆனால் அவளுக்குக் கார் ஓட்ட வராது. ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்; தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையை வண்டியின் முகத்தில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அதன்பிறகு அவளைக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் கணவன் டுவைட்டின் பொறுப்பாயிற்று.

அந்த வருஷம் நிலையத்துக்கு ஒரு புது ஜெட் வந்திருந்தது. போர் விமானத்தின் உடம்பு; ஆனால் சுடுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்திருந்தன. தன்னால் நேராகப் பறக்க அதற்குத் தெரியாது. உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் வானத்தில் நிற்கும். கம்ப்யூட்டருக்குப் புத்தி எழுதியவன் ஹேக் பெட்ரோசியன் என்கிற எஞ்சினியர். தரையில் வைத்திருந்த பறக்காத மாதிரியில் விமானிகள் அதை ஓட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் ரொம்ப நன்றாக ஓட்டினார்கள். அதுதான் அவனுக்குக் கவலை; தப்பாக ஓட்டினால் அது என்ன செய்யும் என்று யாரும் காட்டவில்லை.

ஒருநாள் தட்டை நீட்டியபடியே கேட்டான்.

"ஒலீட்டா, வேலை முடிஞ்சதும் கொஞ்சம் வர்றீங்களா? ஒரு ஜெட் ஓட்டணும்."

"டுவைட்டோட பிக்கப் வண்டியே எனக்கு ஓட்ட வராது ஹேக். ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் கூப்பிடறேன்."

அந்தப் பறக்காத மாதிரியில் உட்கார்ந்து, திரையில் ஓடுபாதை தெரிந்ததுமே அவள் பதறிப்போய்க் கைப்பிடியைக் குழம்புக் கரண்டி மாதிரி இடமும் வலமுமாகச் சுழற்றினாள். ஒரு அசைவுக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்தது. அது திணறிக் குழம்ப, திரையில் ஜெட் அவள் இடப்பக்கம் தள்ளும்போது வலப்பக்கம் சாய்ந்து, தலைகுப்புற ஏரியில் விழுந்தது. ஹேக் சந்தோஷத்தில் கைதட்டினான்.

அன்றிலிருந்து அவள் வீழ்த்துவதும் அவன் திருத்துவதுமாகப் போயிற்று. தலைமை விமானி லைல் ஸ்டாண்டிஃபருக்கு இது பிடிக்கவில்லை.

"இந்த அம்மா செய்யறதை எந்த விமானியும் செய்யமாட்டான்."

"நானும் செய்யக்கூடாதுன்னுதான் நினைச்சேன் லைல். அந்தப் பலகை குறுக்க வந்து நின்னுச்சு" என்றாள் ஒலீட்டா.

குளிர்காலம் வந்தபோது அவளால் ஜெட்டை வீழ்த்த முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள், முழங்காலால் இடித்தாள். அது லேசாகச் சிலிர்த்துக்கொண்டு நேராகவே போயிற்று. வீடு திரும்பும் வழியில் முகம் தொங்கிப்போயிருந்தது.

"கைராசி போயிடுச்சு டுவைட்."

டுவைட்டுக்கு மனசு கேட்கவில்லை. "வேணும்னா நம்ம பிக்கப்பைக் கொஞ்சம் ஓட்டிப் பாரேன்" என்று சொல்லிவிட்டு, உடனே சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

வசந்தத்தில் லைல் நிஜ ஜெட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் ஏறும்போதே சட்டைக்கைக்குள் ஒரு குளவியும் ஏறியிருந்தது. தரையை நெருங்கும் நேரம் பார்த்து முழங்கைக்கு மேல் கொட்டியது. கை தன்பாட்டில் இடமும் வலமும் வெட்டி இழுத்தது. கட்டுப்பாட்டு அறையின் திரையில் கோடுகள் எகிறுவதைப் பார்த்த ஹேக் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"லைல், ஓட்டறது நீங்கதானே?"

பதிலாக ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஜெட் சிலிர்த்தது; நேராகவே இறங்கி நின்றது.

மத்தியானம் லைல் கேண்டீன் வரிசையில் நின்றான். வலக்கை பூசணிக்காய்போல வீங்கியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"குளவி. இறங்கற நேரத்துல. உங்களை மாதிரியே கிண்டிட்டேன்."

"ஐயையோ. அப்புறம்?"

"விழலை."

"எப்படி விழும்? நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா" என்றாள். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி அவன் கையில் வைத்துக் கட்டினாள்.

அவன் இடக்கையால் சாப்பிட முயன்று பீன்ஸைச் சட்டையெல்லாம் சிந்தினான். எதிரே வந்து உட்கார்ந்தவளிடம், அந்த முழங்கால் சமாச்சாரத்தை விவரமாகக் கேட்டான்.

அடுத்த வருஷம் இன்னொரு ஜெட் வந்தது. அவளைக் கூப்பிட லைலே வந்தான்.

"இதுல ரெண்டு எஞ்சின்" என்றான்.

ஒலீட்டா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.