கல்யாண நாள் நேற்றா, இன்றா?

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணம் முடிந்த கையோடு நாமக்கல்லில் ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். என் கணவர் லாரி டிரைவர். லோடு கிடைத்தால் கிளம்பிவிடுவார். எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் குடும்பம். ஒரு நாள் அவர்களுடைய கல்யாண நாள் என்று கேக் வெட்டி எங்களுக்கும் கொடுத்தார்கள். நன்றாகத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இதெல்லாம் பேக்கரிக்காரன் பொழைக்கறதுக்குக் கண்டுபுடிச்சதுங்க. நாளு வெச்சுத்தான் ஆசையைக் காட்டோணுமாக்கும்?" என்றேன் என் கணவரிடம்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் முதல் கல்யாண நாள் வந்தது. பிப்ரவரி ஒன்பது. முந்தின நாள்தான் அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். நான் காலையிலேயே தலைக்குக் குளித்து, கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்ட டீச்சரிடம், சும்மா தோன்றியது என்று மழுப்பினேன். லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன். நாமக்கல்லில் லாரிச் சத்தத்துக்கா பஞ்சம்! பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, வேண்டாம் என்று வாயடித்தவளே நான்தானே. பாயசத்தை நானே குடித்துவிட்டு அழுதேன்.

மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். பழைய புடவையோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கம்பஞ்சோற்றைப் போட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார். கேக்! யாரும் மேலே உட்கார்ந்துவிடக் கூடாது என்று, கேபினுக்குள் இன்ஜின் மூடியின் மேல் பத்திரமாக வைத்துக் கொண்டு வந்திருக்கிறார். அந்தச் சூட்டில் கிரீமெல்லாம் உருகி, ரோஜாப்பூ ஒரு மூலையில் குழம்பாகக் கிடந்தது.

"ஏனுங்க, கல்யாண நாளு நேத்தே முடிஞ்சு போச்சுங்க."

"தை இருவத்தேழு இன்னைக்குத்தான் புள்ள!" என்று காலண்டரைக் காட்டினார்.

டிரங்குப் பெட்டியிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தோம். தை 27, பிப்ரவரி 9 என்று இரண்டு தேதியும் இருந்தன. அந்த வருடம் தை ஒரு நாள் தள்ளிப் பிறந்ததால், தை 27 பிப்ரவரி பத்தில் வந்திருந்தது. பள்ளிக்கூடம் போன நான் இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொண்டேன். விவசாயக் குடும்பத்துக்காரரான அவருக்கு எல்லாமே தமிழ்த் தேதிதான்.

"பம்பாய் லோடு வந்துச்சு. இன்னைக்கு ஊட்டுல இருக்கோணும்னு வேற வண்டிக்கு மாத்தி உட்டுட்டு வாரேன்" என்றார்.

பம்பாய் போனால் திரும்பப் பதினைந்து நாளாகும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூறைப்புடவை, பாயசம், அழுகை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"நாந்தான் வேண்டாம்னேனே, அப்பறம் எதுக்குங்க வாங்குனீங்க?"

"டீச்சரூட்டுக் கேக்கை நீ தின்ன வேகத்தைப் பாத்தேனே!"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. கம்பஞ்சோற்றை ஓரமாக வைத்துவிட்டு, இருவரும் கிரீமை விரலால் வழித்துத் தின்றோம். பேக்கரிக்காரன் நன்றாகப் பிழைக்கட்டும் என்று அன்றைக்கே விட்டுவிட்டேன்.

இப்போது காதலுக்கென்று ஒரு நாள் வைத்து, ரோஜாவை விலை ஏற்றி விற்கிறார்கள். எல்லாம் வியாபாரம் என்று அலுத்துக்கொள்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்களும் அன்றைக்கு வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.