நீலக் குழாய் வேலி

சித்தியின் கொலுவில் படிகளுக்குக் கீழே ஒவ்வொரு வருடமும் ஒரு பூங்கா இருக்கும். பெரிய தாம்பாளத்தில் மண் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்தரை செய்வாள். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று குளமாகும். பிளாஸ்டிக் மான்கள் அதில் தண்ணீர் குடிக்கும். இதையெல்லாம் சுற்றி ஒரு நீல வேலி. கட்டைவிரல் பருமனில், விரல் நீளத்தில், பளபளவென்று வரிசையாக நட்ட பிளாஸ்டிக் குழாய்கள். வருகிற பெண்கள் மரப்பாச்சியையும் தசாவதாரத்தையும் விட்டுவிட்டு, இந்த வேலி எங்கே வாங்கியது என்றுதான் கேட்பார்கள். சித்திக்கு அதில் ஏகப் பெருமை.

அவை எங்கும் வாங்கியவை அல்ல. சித்தப்பா கம்பெனியில் அச்சு சரியாக வராமல் கழித்துப் போட்டவை. அதாவது தோட்டாக் கூடுகள். உள்ளே மருந்தும் ரப்பர் குண்டுகளும் அடைத்தால் போலீஸ் துப்பாக்கியில் போட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சுடலாம். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ஒன்றும் அடைக்காதவரை அது வெறும் குழாய்தானே என்பது சித்தியின் கட்சி.

சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் சித்தப்பாவும் சித்தியும், மொட்டை மாடியில் வாடகைக்கு விடும் ஓர் அறை. சித்தப்பா தாம்பரத்துக்கு அப்பால் இருந்த ஒரு தனியார் கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவுக்குத் தலைவர். அங்கே யாரும் ஆயுதம் என்று வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. ‘ஐட்டம்’ என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் என்றால் ‘நான்-லீத்தல்’, அதாவது உயிரை எடுக்காதது, என்பார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் அந்தச் சொல் அங்கே தாராளமாகப் புழங்கும். மற்ற நாளெல்லாம் ஐட்டம்தான். வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கிய பிறகு இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது: நட்பு நாடு. அந்த நாட்டை முப்பது நாற்பது வருடமாக ஒரே ஆள் பிடித்து வைத்திருந்தாலும், தேர்தல் என்ற பெயரில் அவரே எழுதி அவரே திருத்திக்கொண்டாலும், நமக்கு நட்பு நாடு. அங்கே இருக்கிற ஜனங்களும் நமக்கு நட்பா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சித்தப்பா கெட்டவர் என்று எழுதிவிட முடிந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதுதான் முடியவில்லை. பண்டிகை நாட்களில் தெருவெல்லாம் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருக்குமே, அந்தத் துண்டுகளைச் செருப்புக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டேதான் அவர் நடப்பார். பைக்கில் வருகிற யாராவது வழுக்கி விழுந்துவிடக் கூடாது. முகம் தெரியாத ஆளின் முட்டிக்காகக் கவலைப்படுகிறவர். ஆனால் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். “என் கையெழுத்து இல்லாம ஒரு பொட்டி கேட்டைத் தாண்டாது” என்பார். என் சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக்கேட்டு எனக்கு மனப்பாடம்.

மொட்டை மாடி அறைக்கு ஒரு பெண் வந்தாள். தாம்பரம் கல்லூரியில் மேல்படிப்பு படிக்க, அதே மாதிரியான ஒரு நட்பு நாட்டிலிருந்து வந்தவள். வெளிநாட்டுக்காரி என்று நாலைந்து வீடுகளில் அவளுக்கு இடம் தரவில்லை. சித்தப்பாதான் யோசிக்காமல் சாவியைக் கொடுத்தார். மழை நாட்களில் ரயிலடிக்கு ஸ்கூட்டரில் போய் அவளை அழைத்து வருவார். எங்களோடு பழகிப் பழகி அவளுக்கு நன்றாகவே தமிழ் வந்துவிட்டது. அவரை அங்கிள் என்று கூப்பிடுவாள். அவர் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அவள் வந்த மறுவருடம் அவள் ஊரில் விலைவாசியை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. அவளுடைய தம்பியும் போனான். போலீஸ் சுட்டதில் அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் சித்தியின் மடியில் படுத்து அழுதாள். சித்தப்பா சும்மா இருக்கவில்லை. தெரிந்த கண் டாக்டரிடம் அவளை அழைத்துப் போய், போனில் வந்த ரிப்போர்ட்டுகளைக் காட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மற்றொரு கண்ணையாவது காப்பாற்ற முடியுமா என்று அவர் கேட்டபோது குரல் உடைந்துபோனதாம், அவளே சொன்னாள். அப்போதே அவருக்குத் தெரியுமா, இல்லை தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பாடுபட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

அந்த வருடத்துச் சரஸ்வதி பூஜை அன்று மாலை, கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வெற்றிலை பாக்கு வாங்க வந்திருந்தார். மாடி அறைப் பெண் கொலுவின் முன்னால் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று தொன்னையைக் கீழே வைத்தாள். வேலியிலிருந்து ஒரு குழாயைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனைத் திறந்து, தம்பியின் நண்பர்கள் தெருவில் பொறுக்கி எடுத்த தோட்டாவின் படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே நீலம். அடியில் அதே இரட்டை வளையம்.

பேக்கிங் அக்காவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பெருமையாகச் சொன்னார்: “இன்னாமா அப்படிப் பாக்குற? எங்க கம்பெனி ஐட்டம்தான் அது. பொட்டில அடுக்குறதே நான்தான். நாளைக்குக்கூட வெளிநாட்டு லோடு கீது. சார் கையெழுத்து போட்டாத்தான் வண்டியே கெளம்பும்.”

அந்தப் பெண் குழாயைக் கையில் பிடித்தபடியே சித்தப்பாவைப் பார்த்தாள்.

“அங்கிள், நாளைக்கு எங்க ஊருக்கா போகுது?”

“ஆமாம்மா.”

“நீங்க கையெழுத்து போடாம இருங்க.”

சித்தப்பா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். “என் கையில என்னம்மா இருக்கு?”

உண்மையாகவே அப்போது அவர் கையில் ஒன்றும் இல்லை. அவருடைய பேனா சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகங்களின் மேல், சந்தனப் பொட்டோடு இருந்தது. மறுநாள் காலை பூஜை முடியும்வரை யாரும் எதையும் எழுதக் கூடாது. வருடம் முழுக்கக் கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு அந்த ஒரு நாள் மட்டும் பேனா இல்லை. அதை அங்கேயே விட்டுவிடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொண்டதோடு நிற்காமல் அவரிடம் சண்டையும் போட்டேன். அவர் சொன்ன பதில்கள் எதுவும் பொய்யில்லை, அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்கிறது. சட்டம் ஒழுங்குக்கு மட்டும்தான் பயன்படுத்துவோம் என்று அந்த நாடு எழுதிக் கொடுத்திருக்கிறது. லோடு நின்றால் பெரும்பாக்கத்திலிருந்து வேனில் வருகிற அத்தனை பெண்களுக்கும் தீபாவளி போனஸ் இல்லை. அவர் போடாவிட்டால் அடுத்த நாற்காலிக்காரர் போடுவார். கடைசியில் சொன்னார்: “நாம குடுக்கலன்னா வேற எவனாவது குடுக்கத்தான் போறான். அவன் இரும்புக் குண்டு போட்டுக் குடுப்பான். நம்மளுது ரப்பர்.” அந்தப் பையனுக்குக் கண் போனது ரப்பரால்தான் என்றேன். அவர் சாப்பிட எழுந்து போய்விட்டார்.

விஜயதசமி காலையில் நான் மாடிக்குப் போனபோது பூஜை முடிந்திருந்தது. சித்தப்பா பேனாவை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளையார் சுழி போட்டார். சந்தனத்தைத் துடைத்துவிட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நல்ல நாளில் முதல் லோடு கிளம்புவது அந்தக் கம்பெனியின் வழக்கம். கம்பெனி வண்டி தெருமுனையில் நின்றது. அங்கே வரை நடந்து போனவர், வழியில் கிடந்த பூசணிக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளிக்கொண்டே போனார். நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அந்தச் சட்டைப்பையைக் கிழித்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. கிழித்தாலும் ஆபீசில் வேறு பேனா இருந்திருக்கும்.

அந்த மாதமே அவள் அறையைக் காலி செய்தாள். ஆட்டோ வரை அவளுடைய பெட்டியைச் சித்தப்பாதான் தூக்கிப் போனார். அவள் தடுக்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. கொலுவிலிருந்து பிடுங்கிய குழாயை மட்டும் கைப்பையில் வைத்து எடுத்துப் போனாள்.

சித்தப்பாவுக்கு ஓய்வு வயதானதும் கம்பெனியில் சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அவள் நாட்டுத் தலைவர் அவ்வப்போது டிவியில் வருகிறார். நம் ஊர்த் தலைவர்கள் அவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்போதெல்லாம் சித்தப்பா சேனலை மாற்றிவிடுகிறார். நட்பு மட்டும் மாறவில்லை.

இந்த வருடமும் கொலு வைத்தார்கள். பரணிலிருந்து பெட்டியை இறக்கியவர் சித்தப்பாதான். இத்தனை நடந்த பிறகும் அந்தக் குழாய்களைத் தூக்கி எறிய ஏன் மனம் வரவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தாம்பாளத்தின் முன்னால் சம்மணமிட்டு, நூல் பிடித்தது போல வேலியை நட்டுக்கொண்டிருந்தார். ஒரு குழாய் குறைந்தது. இடைவெளியைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பொம்மைகளில் தேடி ஒரு செட்டியார் பொம்மையை எடுத்து அதன் ஓரத்தில் உட்காரவைத்தார்.

பக்கத்து வீட்டுக் குழந்தை குனிந்து பார்த்துவிட்டு, “தாத்தா, இங்க மட்டும் ஏன் வேலி இல்ல?” என்று கேட்டது.

“அது கேட், கண்ணு” என்றார் சித்தப்பா. “வண்டி போக வர வழி வேணாமா?”

சித்தி எனக்குச் சுண்டலை நீட்டினாள். வாங்கிக்கொள்ளாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன். வருத்தப்படுவாள், படட்டும்.