எல்க் மானுக்கு ஹாரன் அடித்த கதை

என் மனைவிக்கு எல்க் மான் பைத்தியம் பிடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. எல்க் என்றால் நம்மூர்க் கடமானுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தொடங்கி, கோடையில் பிஸ்கட் நிறத்துக்குக் காய்ந்துபோகும் மலைகளில் ஒரு காலத்தில் அவை கூட்டம் கூட்டமாக மேய்ந்தனவாம். வேட்டையில் அற்றுப்போய், பிறகு வேறிடத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து விட்டதில் மறுபடி பெருகியிருக்கின்றன. அவற்றைக் கண்காணிக்க ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. அதில் அவள் உறுப்பினர். நான் டிரைவர்.

போன கோடையில் மலைமேல் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர், குழு கெஞ்சிக் கேட்டதால், தன் வேலியில் ஓரிடத்தில் மட்டும் அடிக்கம்பியை எடுத்துவிட்டார். பெரிய மான் வேலியைத் தாண்டிவிடும், குட்டி அடியில் நுழைந்தால்தான் உண்டு. குட்டி வராத இடத்துக்குத் தாயும் வராது. ஆனால் பெரியவருக்குத் தன் கன்றுகள் ஓடிவிடுமோ என்று பயம். கோடை முடிவதற்குள் ஒரு மான்குட்டியாவது அந்தச் சந்தில் நுழைவதைப் படமெடுத்துக் காட்டாவிட்டால் கம்பியைத் திரும்பக் கட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. படம்தான் வரவில்லை.

"என்னங்க, அங்க போனதும் வாயத் தொறக்கக் கூடாது. கார விட்டு எறங்கக் கூடாது. புளியோதரை டப்பாவையும் தொறக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

பண்ணைக் கேட்டைத் தாண்டி, வேலி தெரியும் மண்பாதையில் காரை நிறுத்தினேன். அவள் கேமராவோடு ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வேலிக்கு உள்பக்கம், தூரத்து ஓக் மர நிழலில் பழுப்பாக என்னவோ படுத்திருந்தது. பாறைகள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் காருக்கு நேர் முன்னால் ஓர் ஆண் மான் வந்து நின்றது. மரத்தை வேரோடு பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டதுபோல் கொம்பு. அது அவற்றின் காதல் பருவம், ஆண்கள் எவனோடும் சண்டைக்கு வரும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். எவனோடும் என்பதில் நான் சேர்த்தி இல்லை என்று நினைத்திருந்தேன். அது முன்காலால் மண்ணைக் கீறியது.

அமெரிக்காவில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம். ஆனால் வடபழனியில் மாடு குறுக்கே நின்றால் என்ன செய்வோம்? மூளையைக் கேட்காமல் கை அதைச் செய்தது.

பாம்!

மான் கழுத்தை நிமிர்த்திப் பதிலுக்குக் கத்தியது. தமிழ்ச் சங்க விழாவில் மைக் வீலென்று அலறுமே, அப்படி. எதிரே இன்னோர் ஆண் வந்திருப்பதாக நினைத்ததோ என்னவோ, ஓரடி முன்னால் வைத்தது. வீரன் நான், பின்சீட்டுக்குத் தப்ப முடிவு செய்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நுழைத்தேன். தலை போனது. வயிறு மாட்டிக்கொண்டு, பின்புறம் ஸ்டீயரிங்கில் அழுந்தியது. இந்த முறை ஹாரன் நீளமாக, இடைவிடாமல் அடித்தது.

நிழலிலிருந்த பாறைகள் எல்லாம் எழுந்து ஓடின. பெண் மான்கள்! ஒவ்வொன்றாக வேலியைத் தாண்டின. ஆண் மானும் என்னைத் துச்சமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் போனது.

கார் கதவு திறந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கீழ. போயிடுச்சா?"

"எல்லாமே போயிடுச்சு! வாயத் தொறக்காதீங்கன்னா ஹாரன தொறந்துட்டீங்க!"

"குட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு. கம்பிக்கு அடியில பூந்துச்சு."

"படம்?"

"எடுத்தேன். உள்ள வர்ற படம் இல்ல, வெளிய ஓடற படம். வாலு மட்டும்தான் கிளியரா இருக்கு."

பண்ணை வீட்டில் பெரியவர் அந்த வாலை வெகுநேரம் பார்த்தார். என் மனைவி சேலை நுனி இல்லாத குறைக்குக் கேமரா வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். இத்தனை அவசரத்தில் தடுமாறாமல் சந்தைக் கண்டுபிடித்த குட்டி, வந்ததும் இந்த வழியாகத்தான் இருக்கும் என்றார் அவர். பிறகு, கீழே தன் வீடுவரை கேட்ட ஹாரன் யாருடையது என்றார். யோசிக்காமல் அவள் என் பக்கம் கையைக் காட்டினாள்.

அடிக்கம்பியை அடுத்த கோடைவரை கட்ட மாட்டார். என்னை மட்டும் இனி பண்ணைக் கேட்டுக்குள் விட மாட்டார்.

"வருத்தமா இருக்கா?" என்றாள் திரும்பும் வழியில், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பின்ன? மானுக்கெல்லாம் வேலியத் தொறந்துட்டு எனக்குப் போட்டுட்டாரே" என்றேன். சனிக்கிழமைகளில் இனி ஒன்பது மணிவரை தூங்கலாம் என்பதை முகத்தில் காட்டாமலிருக்க மிகவும் பாடுபட்டேன்.