மூடியே ஓடிய கார்

ஓய்வு பெற்றதும் என் கணவர், அமெரிக்காவில் எங்கள் பிளானோ வீட்டில் தானே பழுது பார்த்த, கூரை திறக்கும் பழைய கன்வெர்ட்டிபிள் காரைக் கப்பலில் அனுப்பி, என்னை ஐரோப்பா முழுக்கச் சுற்றிக் காட்டினார்.

ஆல்ப்ஸ் மலைப்பாதையில், "டாப் ஓப்பன் பண்ணட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"வேண்டாங்க, வெயில்ல முகம் கறுத்துடும்."

"கறுத்தா என்னடி, நான்தானே பார்க்கப் போறேன்?"

நான் சம்மதிக்கவில்லை. தினமும் கேட்டார், தினமும் மறுத்தேன். கடைசி நாள் அவர் கேட்கவேயில்லை.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். கார் அதற்குப் பிறகுதான் கப்பலில் வந்து சேர்ந்தது.

இப்போது காய்கறி வாங்கப் போனாலும் கூரையைத் திறந்துதான் ஓட்டுகிறேன். "அம்மா, இட்ஸ் டூ ஹாட்!" என்று மகள் கத்துகிறாள். நான் மூடுவதில்லை.

முகம் நன்றாகவே கறுத்துவிட்டது. பார்க்கத்தான் அவர் இல்லை.